மிச்சக் காசில் ஒரு பயணம்

ஹரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி முடிந்து வரும் வழியில் மகளுக்கு ஜூஸ் வாங்கப் போனோம். கார்ட் மெஷின் பழுது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நல்ல காலம், பர்ஸுக்குள் எப்போதோ மடித்து வைத்த ஐந்து பவுண் தாள் ஒன்று அகப்பட்டது. கடைக்காரர் மிச்சக் காசை மகளின் கையில் கொட்டினார்.

வாசலுக்கு வருவதற்குள் அவள் நின்றுவிட்டாள். "அப்பா, இந்தக் காசில ஓஃப்சைட் படம் போட்டிருக்கு!"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். ஏழு பக்கம் கொண்ட 50 பென்ஸ் குற்றி. பின்புறத்தில் ஒரு கால்பந்து மைதானம். எங்கே நின்றால் ஓஃப்சைட், எங்கே நின்றால் இல்லை என்று படமும் எழுத்துமாகப் போட்டிருந்தது. மகளுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூட அணியில் விளையாடுகிறாள். உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் மேசையில் நகர்த்தி நகர்த்தி ஒரு சீசன் முழுக்க நான் விளக்கியும் ஏறாத விஷயம், அந்த ஒரு குற்றியில் அவளுக்கு ஏறிவிட்டது.

அன்றிரவு தேடிப் பார்த்தேன். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்காக, விளையாட்டுக்கு ஒன்றாக 29 விதமான 50 பென்ஸ் குற்றிகள் வெளியிட்டிருக்கிறார்கள். படங்களை வரைந்தவர்கள் பொதுமக்கள். உயரம் பாய்தல் குற்றி, ப்ளூ பீட்டர் என்ற சிறுவர் டிவி நிகழ்ச்சி நடத்திய போட்டியில் ஒரு சிறுமி வரைந்தது. கால்பந்துக் குற்றியில் அச்சானது 11 லட்சத்துக்குச் சற்று மேல்தான். ஒலிம்பிக் வரிசையில் குறைவாக அச்சானவற்றில் அதுவும் ஒன்று. இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது மணி ஒன்றாகிவிட்டது.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். காசைத் தொடாமலே காசு கைமாறுவதற்கான மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. கடைசியாக எப்போது ஒரு குற்றியை உற்றுப் பார்த்தேன் என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை.

சமையலறை மேசையில்

கையில் சில்லறையே வராத காலத்தில் சில்லறையில் தேடுவது எப்படி? வழி சுலபம். வங்கியில் கேட்டால் பையாகத் தருவார்கள். 50 பென்ஸ் பை ஒன்று பத்துப் பவுண், உள்ளே 20 குற்றிகள். சனிக்கிழமைகளில் இரண்டு பை எடுத்து வருவோம். வேண்டியதை எடுத்துக்கொண்டு, எடுத்த அளவுக்கு வேறு காசு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இழப்பதற்கு ஒன்றுமில்லாத பொழுதுபோக்கு.

புதிதாகத் தொடங்குகிற குடும்பங்களுக்கு நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விளையாட்டு. 2008ல் மத்தியூ டென்ட் என்ற வடிவமைப்பாளரின் புதிய படங்கள் வந்தன. 1, 2, 5, 10, 20, 50 பென்ஸ் குற்றிகள் ஒவ்வொன்றிலும் அரச கேடயத்தின் ஒரு துண்டு இருக்கும். ஆறையும் சரியாக அடுக்கினால் முழுக் கேடயம் தெரியும். மொத்தச் செலவு 88 பென்ஸ். இதைவிட மலிவான புதிர் எந்தக் கடையிலும் கிடைக்காது.

இரண்டாவது, ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம். 1992 செப்டம்பர் வரை 1 பென்ஸ், 2 பென்ஸ் குற்றிகள் வெண்கலம், காந்தத்தில் ஒட்டாது. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் செம்பு பூசிய உருக்கு, பாய்ந்து ஒட்டும். ஒரு கைப்பிடிச் செம்பு நிறக் காசை மேசையில் பரப்பிக் காந்தத்தைக் காட்டினால், எது பழசு எது புதுசு என்று அதுவே பிரித்துக் கொடுக்கும். எங்கள் ஐந்து வயதுச் சின்னவனுக்கு இதுதான் உத்தியோகம்.

மூன்றாவது, ஆண்டைப் பாருங்கள். 2008ல் படங்களை மாற்றியபோது 20 பென்ஸ் குற்றியின் ஆண்டு பின்புறத்திலிருந்து தலைப் பக்கத்துக்குப் போனது. அந்த நேரத்தில் பழைய தலை அச்சையும் புதிய பின்புற அச்சையும் சேர்த்து ஒரு தொகுதி அடித்துவிட்டார்கள். விளைவு, ஆண்டே இல்லாத 20 பென்ஸ். என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே விளங்கும். ஒரு பக்கம் புதிய வெர்ஷன், மறுபக்கம் பழைய வெர்ஷன், சோதிக்காமல் வெளியே போய்விட்டது. வேலையில் நானும் செய்த பிழைதான். என்னுடையதை யாரும் சேகரிக்கவில்லை.

இரண்டு பவுண் குற்றியில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1998ல் புழக்கத்துக்கு வந்த படத்தில், இரும்புக் காலம் முதல் இணையக் காலம் வரை மனிதன் கண்ட தொழில்நுட்பம் வட்டம் வட்டமாகப் போட்டிருக்கிறது. அதில் ஒரு வட்டம் பற்சக்கரங்கள். மகளை எண்ணச் சொன்னேன். பத்தொன்பது. "சரி, ஒன்று வலமாகச் சுற்றினால் பக்கத்தில் இருப்பது எந்தப் பக்கம் சுற்றும்?" என்று கேட்டேன். விரலால் வலம், இடம், வலம், இடம் என்று போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் வந்து முட்டிக்கொண்டாள். ஒற்றைப்படைச் சக்கரங்களை வளையமாகக் கோத்தால் ஒன்றும் அசையாது. ஒரு நாடு முழுக்கப் பையில் வைத்துத் திரியும் இயந்திரம் ஓடாது என்பதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

தலைப் பக்கத்தையும் விடாதீர்கள். இராணி வலப்பக்கம் பார்ப்பார், அரசர் சார்ல்ஸ் இடப்பக்கம் பார்ப்பார். ஒருவருக்குப் பின் வருபவர் எதிர்ப்பக்கம் பார்ப்பது இரண்டாம் சார்ல்ஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம். 2020 ஒக்டோபரில் வந்த 50 பென்ஸ் ஒன்றில், பன்முகத்தன்மைதான் பிரித்தானியாவைக் கட்டியெழுப்பியது என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். ஒரு கோடி அச்சடித்தார்கள், ஆகவே அரிய குற்றி இல்லை. ஆனாலும் எங்கள் அல்பத்தில் முதல் பக்கம் அதற்குத்தான்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. "பெறுமதி என்ன?" உண்மையைச் சொன்னால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குற்றி அதில் எழுதியிருக்கிற பெறுமதிதான். இணையத்தில் ஒருவர் ஆயிரம் பவுண் கேட்கிறார் என்பதால் அது ஆயிரம் பவுண் ஆகிவிடாது. கேட்ட விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். இன்னொன்று, பளபளப்பாக்குகிறேன் என்று புளியோ பற்பசையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த குற்றியைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள்.

கியூவும் என் பேராசையும்

இந்த வழியில் போகிற எல்லோருக்கும் ஒரு கனவுக் குற்றி உண்டு. கியூ தாவரவியல் பூங்காவின் 250வது ஆண்டுக்காக 2009ல் வந்த 50 பென்ஸ். அச்சடித்தது 2,10,000 மட்டும். பல ஆண்டுகளாக, புழக்கத்தில் இருக்கும் 50 பென்ஸ்களில் மிக அரியது என்ற பெயர் அதற்குத்தான். பிறகு, 2023ஆம் ஆண்டு பொறித்த சமன் மீன் குற்றி 2,00,000 என்ற எண்ணிக்கையோடு வந்து அதை முந்தியது.

கியூ குற்றியில் இருப்பது பூங்காவின் பகோடா. மகளுக்கு அதைக் காட்டவென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். 1762ல் கட்டி முடித்த பத்து மாடிக் கோபுரம், உயரம் ஏறத்தாழ 50 மீட்டர். மூலைகளில் மரத்தால் செய்த டிராகன்கள் ஒரு காலத்தில் இருந்து, பிறகு இல்லாமல் போய், 2018ல் எண்பதையும் திரும்ப வைத்திருக்கிறார்கள். கூட வந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "கோபுரம் சரி, உள்ளுக்குச் சாமி இல்லையோ?" என்று கேட்டார்.

வாரக்கணக்கில் பை பையாகத் தேடினோம். கியூ வரவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. மகளின் பிறந்தநாள் வருகிறது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு, இணையத்தில் ஒருவரிடம் எண்பது பவுணுக்கு வாங்கினேன். நூறு பவுணுக்கு மேல் போகிற குற்றி எண்பதுக்குக் கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில், ஏன் எண்பதுக்குக் கிடைக்கிறது என்று யோசிக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். பார்சல் வந்த அன்று அப்பா மேசையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் குற்றியைக் கொண்டுபோய் நீட்டினாள். "அப்பப்பா, பாருங்கோ, கியூ!"

அவர் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. இரண்டு விரலால் வாங்கி, விளிம்பை ஒருமுறை தடவி, மேசையில் போட்டார். டக் என்று விழுந்தது.

"உதை எங்க வாங்கினனீ, தம்பி?"

சொன்னேன்.

"எவ்வளவு குடுத்தனீ?"

அதையும் சொன்னேன்.

"உது கள்ளக் குத்தி." சட்டைப் பையிலிருந்து சாதாரண 50 பென்ஸ் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் போட்டார். கிண்ணென்று ஒரு சத்தம். "காதைக் குடுத்துக் கேள், பிள்ளை. நல்ல காசு மணி மாதிரிச் சொல்லும். உது ஓட்டை வாளி மாதிரிச் சொல்லுது."

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 8 கிராம் இருக்க வேண்டியது 7 காட்டியது. விற்றவரின் கணக்கு அதற்குள் காணாமல் போயிருந்தது.

"எப்படி அப்பப்பாவுக்குத் தெரியும்?" என்று மகள் கேட்டாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் மேலே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு குவாலிட்டி ஸ்ட்ரீட் பேணி.

பேணி

எங்கள் சனத்தின் வீடுகளில் அந்த ஊதாப் பேணிக்குள் டொஃபி இருந்து நான் பார்த்ததில்லை. ஊசி நூல் இருக்கும், அல்லது கொத்தமல்லி இருக்கும். ஆனால் இந்தப் பேணியை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வயதில், இதற்குள் கைவைத்ததற்காக அப்பாவிடம் அடி வாங்கியவன் நான். அவர் என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். மூடியைத் திறக்கும்போது என் கை தானாகப் பின்னுக்குப் போனது.

உள்ளே வட்டமான பழைய ஒரு பவுண் குற்றிகள். மகள் துள்ளினாள். அவள் ஓரளவு விபரம் தெரிந்த வயதுக்கு வரும் முன்பே, 2017 ஒக்டோபர் 15ஆம் தேதி, அவை செல்லாமல் போய்விட்டன. இப்போது இருப்பது பன்னிரண்டு பக்கக் குற்றி. ஒன்றொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். நாற்பத்தொன்று.

அடுக்க அடுக்க எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வட்டப் பவுணின் பின்புறப் படம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எந்த ஆண்டுக்கு எந்தப் படம் என்று பட்டியல் உண்டு. 1984 என்றால் ஸ்கொட்லாந்தின் முட்செடி, 1985 என்றால் வேல்ஸின் லீக்ஸ், 1987 என்றால் இங்கிலாந்தின் ஓக் மரம். விளிம்பில் ஓடும் எழுத்தும் நாட்டுக்கு நாடு வேறுபடும். பேணிக்குள் இருந்ததில் ஆண்டும் படமும் பொருந்தாத குற்றிகள் இருந்தன. வேல்ஸ் படத்துக்கு இங்கிலாந்தின் விளிம்பு எழுத்து இருந்தது. சிலதில் இராணியின் தலை நேராக நிற்க, திருப்பினால் பின்புறம் சரிந்து கிடந்தது. நாற்பத்தொன்றும் போலி.

அப்பா 1994 முதல் 2011 வரை மேற்கு லண்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்தார். அந்தக் காலத்துப் பிற்பகுதியில் போலிப் பவுண் மலிந்து போயிருந்தது. கடைசி ஆண்டுகளில் புழக்கத்தில் இருந்த வட்டப் பவுணில் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று போலி என்று கணக்கிட்டார்கள். குற்றியை மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். முதலாளி வங்கியில் காசு கட்டப் போவார். வங்கி போலியைப் பிரித்துத் திருப்பிக் கொடுக்கும். எந்த ஷிஃப்டில் வந்ததோ, அந்த ஷிஃப்டில் நின்றவன் தலையில் அது விழும். வெள்ளிக்கிழமை சம்பளக் கவருக்குள், நல்ல காசுக்குப் பதில் அந்தக் குற்றிகள் இருக்கும்.

"வாங்கினவன் நீதானே, நீயே வைச்சிரு எண்டு சொல்லுவார்," என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார். "பிறகு நான் ஒவ்வொண்டையும் கவுண்டரில தட்டிப் பார்த்துத்தான் வாங்கினான். ரெண்டு மூண்டு வருசத்தில கை பழகிட்டுது."

மகள் கணக்குப் போட்டாள். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் வந்ததே 1999 ஏப்ரலில்தான், மணிக்கு 3 பவுண் 60 பென்ஸ். அதற்கு முன் அப்பாவுக்கு மூன்று பவுண். "நாற்பத்தொன்றை மூன்றால் பிரித்தால் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேலே. அப்பப்பா ஒரு இரவு முழுக்கச் சும்மா வேலை செய்திருக்கிறார்," என்றாள்.

என் அடியைப் பற்றி அப்பா எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வேல்ஸுக்கு

அடுத்த பள்ளி விடுமுறையில் எல்லோருமாக லான்ட்ரிசன்ட் புறப்பட்டோம். ரோயல் மின்ட், அதாவது இந்த நாட்டின் நாணயசாலை, இருப்பது அங்கேதான். காடிஃபுக்கு வடமேற்கே ஒரு சின்ன ஊர். நூற்றாண்டுக் கணக்கில் லண்டனில் இருந்த நாணயசாலை, பென்ஸ் கணக்கை நூறாக மாற்றும் வேலைக்கு இடம் போதாமல் வேல்ஸுக்கு நகர்ந்தது. 1968 டிசம்பரில் இராணி திறந்து வைத்தார். நாடு 1971 பெப்ரவரி 15ல் புதிய கணக்குக்கு மாறியது. ஐசாக் நியூட்டன் லண்டன் நாணயசாலையில் அதிகாரியாக இருந்து கள்ள நாணயக்காரர்களைத் துரத்திப் பிடித்தவர் என்று சொன்னபோது, அப்பிள் கதை மட்டும் தெரிந்திருந்த மகளுக்கு நம்பவே முடியவில்லை.

ஹரோவிலிருந்து எம்4 நெடுஞ்சாலையில் மூன்று மணித்தியாலம். செவர்ன் ஆற்றுப் பாலத்துக்கு முன்பு காசு கட்ட வேண்டும், 2018 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். பாலம் தாண்டியதும் பலகைகளில் இரண்டு மொழி. தரையில் 'அராவ்' என்று பெரிதாக எழுதியிருந்தது. வேல்ஸ் மொழியில் மெதுவாகப் போ என்று அர்த்தம். "இங்கத்தப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைப் பள்ளி தேவையில்லை," என்றாள் மகள். கொடுத்துவைத்தவர்கள் என்ற தொனி.

நாணயசாலையில் பார்வையாளர்களுக்கென்று ஒரு பகுதி 2016ல் திறந்திருக்கிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போங்கள். வழிகாட்டி ஒருவர் கூட வந்து விளக்குகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள். வெறும் வில்லைகள் ஒரு பக்கம் போக, தலையும் படமும் பொறித்த காசாக மறுபக்கம் வந்து கொட்டுகின்றன. கண்ணால் எண்ண முடியாத வேகம். சின்னவன் வாய் திறந்தபடி நின்றான்.

உள்ளே கண்காட்சியில் அம்மா ஓர் இடத்தில் நின்றுவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் தங்க சவரன், ஒருபுறம் குதிரையில் இருந்து டிராகனைக் குத்தும் வீரன். அம்மா சட்டைக்குள் இருந்த தாலிக்கொடியை வெளியே இழுத்தார். தாலியின் இரண்டு பக்கமும் கோத்திருக்கும் பவுண் குற்றிகளில் அதே குதிரை. எங்கள் ஊரில் தங்கத்தைப் பவுண் கணக்கில் சொல்வதும் தமிழ்நாட்டில் சவரன் கணக்கில் சொல்வதும் இந்தக் குற்றியின் பெயரால்தான். சவரன் குற்றி எட்டுக் கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு, நாங்கள் எட்டு என்று முழுதாக்கிக்கொண்டோம். "அப்பம்மா, உங்கட கழுத்தில இருக்கிறதும் சில்லறைதானா?" என்று மகள் கேட்க, அம்மா அதை அவசரமாக உள்ளே போட்டுக்கொண்டார். "வாயைக் கழுவு!"

அப்பா தன் ஊர்ச் சில்லறையை நினைத்துக்கொண்டு நடந்தார். இலங்கையின் பழைய சதங்களில் பல இந்த நாணயசாலை அடித்துக் கொடுத்தவை. சதுர அஞ்சு சதம், பூ மாதிரி விளிம்பு வளைந்த பத்துச் சதம், மூன்று மொழியிலும் எழுத்து. "தடவிப் பார்த்தே பஸ் காசு குடுக்கலாம், கண் தேவையில்லை," என்றார்.

ஓர் இடத்தில் வழிகாட்டி பிக்ஸ் விசாரணை பற்றிச் சொன்னார். அடித்த காசு சரியான நிறையிலும் தரத்திலும் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை லண்டனில் பொற்கொல்லர் சங்க மண்டபத்தில் சோதிப்பார்கள். 1282லிருந்து இருக்கும் வழக்கம். நாணயசாலை ஒவ்வொரு தொகுதியிலும் சில காசுகளை ஒரு பெட்டிக்குள் போட்டு வைக்கும். அந்தப் பெட்டிக்குப் பெயர்தான் பிக்ஸ். நடுவர் குழு எண்ணி, நிறுத்து, தீர்ப்புச் சொல்லும். மகள் தமிழில் என் காதுக்குள், "அப்பப்பாவும் இதைத்தானே செய்தவர், நைட் ஷிஃப்டில?" என்றாள். நான் அதை மொழிபெயர்த்து வழிகாட்டிக்குச் சொன்னேன். அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்து, எத்தனை ஆண்டு என்று கேட்டார். "செவன்டீன் இயர்ஸ்," என்றார் அப்பா. வழிகாட்டி கை நீட்டினார்.

கடைசியில், தனியாகக் காசு கட்டினால் நாமே பொத்தானை அழுத்தி ஒரு குற்றி அடித்துக்கொள்ளலாம். மகள் தன் முறையை அப்பப்பாவுக்குக் கொடுத்தாள். அவர் அழுத்தினார். குற்றி கைக்கு வந்ததும், நான் எதிர்பார்த்தது போலவே, பக்கத்து மேசையில் போட்டுக் காதைச் சரித்தார்.

"நல்ல காசு."

திரும்பும் வழியில்

ரீடிங் தாண்டுவதற்கு முன் தேநீருக்கு நிறுத்தினோம். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அப்பாவும் நானும் காருக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வட்டப் பவுணை எடுத்தார். பேணியில் இருந்த போலிகளில் ஒன்று. அதை வேல்ஸ் வரை கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார்.

"அண்டைக்கு உதில ஒண்டைக் கொண்டு போய் நீ ஐஸ்கிறீம் வாங்கினனீ எல்லே?"

"மறப்பனே?"

1998ஆம் ஆண்டுக் கோடை. ஐஸ்கிறீம் வான் மணியடித்துக்கொண்டு வந்தது. பேணிக்குள் இத்தனை பவுண் சும்மா கிடக்கிறதே என்று ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். வான்காரர் பார்க்காமலே வாங்கிப் போட்டுக்கொண்டார். வாயெல்லாம் ஐஸ்கிறீமோடு வந்த என்னைப் பார்த்து, இரவு வேலைக்குப் போக எழும்பியிருந்த அப்பா, காசு ஏதென்று கேட்டார். சொன்னேன். அடி விழுந்தது. பிறகு அவர் செருப்புக்கூடப் போடாமல் வானுக்குப் பின்னால் ஓடினார். ஒரு பவுணுக்காக இப்படி ஓடுகிற மனிதர் என்று அன்று வெட்கப்பட்டேன். பிறகு வளர்ந்து, படித்து, சம்பாதித்து, அவருக்கு எத்தனையோ வாங்கிக் கொடுத்த பிறகும், அந்த நினைப்பு உள்ளே ஒரு மூலையில் கிடந்தது. அப்பா காசில் கெட்டி என்று மனைவியிடம் பகிடியாகச் சொல்வேன்.

"அந்த நேரம் எங்கட நிரந்தர விசா வரேல்லை," என்றார் அப்பா. "கள்ளக் காசு புழங்கினதெண்டு பொலிஸ் வந்து கதவைத் தட்டினா? பிள்ளை தெரியாமல் எடுத்ததெண்டு சொன்னா ஆர் நம்புவினம்? பேணி நிறைய வேற கிடக்குது. நாலு பேரும் திரும்பிப் போக வேண்டி வந்திருக்கும்."

"அப்ப வானுக்குப் பின்னால ஓடினது?"

"நல்ல பவுண் ஒண்டைக் குடுத்திட்டு அதைத் திருப்பி வாங்க. அவனும் எங்களை மாதிரி நாட்கூலிக்காரன். அவனுக்கும் ஒரு முதலாளி இருப்பான்."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"ஒன்பது வயசுப் பிள்ளைக்கு விசாவைப் பற்றி என்னத்தைச் சொல்லுறது?" குற்றியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எறியவும் மனம் வரேல்லை. உழைச்சதெல்லே."

மகள் உள்ளேயிருந்து தேநீரோடு வந்தாள். மிச்சக் காசை அப்பப்பாவின் உள்ளங்கையில் கொட்டி, "பாருங்கோ, ஏதும் இருக்கா?" என்றாள். இருவரும் காரின் பொனற்றில் காசைப் பரப்பிக்கொண்டு குனிந்தார்கள். நான் தேநீரைக் குடித்து முடிக்கச் சற்று நேரம் எடுத்தது.

இப்போது

கியூ குற்றி இன்னும் கிடைக்கவில்லை. சமன் மீனும் இல்லை. ஒலிம்பிக் 29ல் பதினாறு சேர்ந்திருக்கிறது. அந்த எண்பது பவுண் போலிக் கியூவையும் பேணிக்குள்ளேயே போட்டாயிற்று. "நாற்பத்திரண்டு," என்று மூடியில் எழுதி ஒட்டியது மகள். போலியைப் போலி என்று தெரிந்தே கைமாற்றுவது குற்றம் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே பேணி வீட்டை விட்டு வெளியே போகாது.

சனிக்கிழமைகளில் ஒரு புதிய விளையாட்டு நடக்கிறது. மகள் கண்ணை மூடிக்கொள்வாள். அப்பா ஒவ்வொரு குற்றியாக மேசையில் போடுவார். அவள் சொல்ல வேண்டும், நல்லதா கள்ளமா, எத்தனை பென்ஸ் என்று. இப்போது பத்துக்கு ஏழு சரியாகச் சொல்கிறாள். இந்த விளையாட்டு முழுக்கத் தமிழில்தான் நடக்கும், ஏனென்றால் அப்பாவுக்கு அந்த வேலை தமிழில்தான் தெரியும். விளிம்பு, நிறை, தேய்மானம், கள்ளக் குத்தி என்று அவள் கற்றுக்கொண்ட சொற்கள் தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தில் நான் பார்க்காதவை.

உங்கள் வீட்டிலும் அப்பாவிடமோ மாமியிடமோ ஒரு பேணி இருக்கும். இருந்தால், அவர்கள் இல்லாத நேரத்தில் நீங்களாகத் திறந்து தேடாதீர்கள். பிள்ளைகளையும் இருத்திக்கொண்டு, அவர்கள் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். அரிய குற்றி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் தேநீர் போட்டு வையுங்கள், எழும்ப நேரமாகும்.